மாடித் தோட்டத்துக்கு மருந்து ஏத்துன மரம் போடலாமா, வீட்ல ரெண்டு வயசு பையன் இருக்கான்?

கேள்வி இதுதான்: வியாசர்பாடில வீடு, மொட்டை மாடில செடி வைக்க மரப்பெட்டி, பையனுக்கு ஒரு மணல் தொட்டி, முடிஞ்சா சின்ன ஊஞ்சல், மரவாடில கேட்டா "டிரீட்டட் மரம் எடுத்துக்கோங்க, கரையானே வராது"ன்னு சொல்றாங்க, அது குழந்தைக்கு ஒத்துக்குமா?

நேரா சொல்லிடறேன். மொட்டை மாடிக்கு மருந்து ஏத்துன மரமே தேவையில்ல. அந்த மருந்தெல்லாம் மண்ணுக்குள்ள புதைக்கிற கட்டைக்கு, வருஷம் பூரா ஈரத்துல நிக்கிற வேலிக் கம்பத்துக்கு. உங்க பெட்டி தளத்து மேல நிக்கப் போவுது, கீழ நாலு செங்கல் வெச்சு தூக்கிட்டீங்கன்னா தண்ணியும் நிக்காது காத்தும் போவும், அதுக்கு எதுக்கு விஷம்? மரவாடிக்காரர் பொய் சொல்லல, அவர் கரையானை மட்டும் யோசிச்சு சொல்றாரு, பையனை நீங்கதான் யோசிக்கணும்.

இப்ப "டிரீட்டட்"னா உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். உலகம் பூரா ரொம்ப நாள் ஓடுன மருந்து சி.சி.ஏ., அதாவது தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணும் சேர்ந்த கலவை. இதைக் கண்டுபிடிச்சதே நம்ம நாட்டு ஆளுதான், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த சோன்டி காமேசம், 1933-ல. மரத்தை ஒரு பெரிய இரும்பு சிலிண்டருக்குள்ள போட்டு காத்தை உறிஞ்சிட்டு அப்புறம் பிரஷர்ல மருந்தை உள்ள ஏத்துவாங்க. தாமிரம் பூஞ்சையைப் பாத்துக்கும், ஆர்சனிக் பூச்சியைப் பாத்துக்கும், குரோமியம் ரெண்டையும் மரத்தோட பிடிச்சு வைக்கும். வேலை என்னமோ பிரமாதமா செய்யும், பல பத்து வருஷம் நிக்கும். ஆனா முழுசா பிடிச்சு வைக்காது, மழைல கொஞ்சம் கொஞ்சமா ஆர்சனிக் வெளிய வந்து மரத்து மேலயும் அடில இருக்குற மண்ணுலயும் தங்கும். அதனாலதான் அமெரிக்கால 2003 கடைசியோட வீட்டு உபயோக மரத்துக்கு இதைப் போடுறதை நிறுத்துனாங்க, ஐரோப்பால 2004-ல கட்டுப்பாடு வந்துச்சு, ஆஸ்திரேலியால 2006-ல இருந்து விளையாட்டு சாமான், கைப்பிடி, பிக்னிக் டேபிள் மாதிரி ஐட்டத்துக்கு புதுசா போடக் கூடாதுன்னாங்க. அதுல ஒண்ணு கவனிங்க, ஏற்கனவே கட்டி வெச்சிருக்கறதை எல்லாம் பேத்து எடுங்கன்னு அமெரிக்காவும் சொல்லல ஆஸ்திரேலியாவும் சொல்லல. தொட்டவுடனே விழுந்துடற விஷம் இல்ல இது, வருஷக்கணக்குல சேர்ற கணக்கு.

சேர்றது எப்படின்னா, தோல் வழியா போறது கம்மி. வாய் வழிதான். பெரியவங்க நாம மரத்தைத் தொட்டா கையைத் துடைச்சுட்டுப் போயிடுவோம், ரெண்டு வயசுல அப்படி இல்ல, மரத்தைப் புடிச்சு எழுந்து நிப்பான், அதே கையை வாயில வைப்பான், பெட்டி ஓரத்தை நக்கிப் பாப்பான், மண்ணை அள்ளி ருசி பாப்பான். ஆர்சனிக் புத்துநோய் உண்டாக்குற பொருள்னு உறுதியான லிஸ்ட்லயே இருக்கு. அதனால மணல் தொட்டிக்கும் கைப்பிடிக்கும் சி.சி.ஏ. மரம் கிடையவே கிடையாது, அதுல பேரமே வேணாம். இப்ப வர்ற சில மருந்துல ஆர்சனிக் இல்ல, தாமிரம்தான் மெயின், ஏ.சி.கியூ., காப்பர் அசோல்னு சொல்லுவாங்க, அது எவ்வளவோ தேவல. ஆனா பிரச்சினை என்னன்னா சி.சி.ஏ. மரமும் சரி இந்தத் தாமிர மருந்து மரமும் சரி பச்சை சாயல் அடிக்கும், வெயில்ல வெளுத்து எல்லாமே சாம்பல் கலர் ஆயிடும், பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. என்ன மருந்துன்னு பில்லுல எழுதித் தர முடியாதுன்னு கடைக்காரர் சொன்னா அதை சி.சி.ஏ.ன்னே வெச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க.

இதுவரைக்கும் சொன்னது புத்தகப் பிரச்சினை. நம்ம ஏரியா பிரச்சினை வேற. நான் தண்டையார்பேட்டை, வீட்டுக்காரர் மாதவரம் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை பாக்குறாரு, அதனால மரம் எங்கெங்க இருந்து எப்படி எப்படி வந்து வீட்டுக்குள்ள நுழையுதுன்னு தினம் பாக்குறோம். வட சென்னைல யாரும் காசு குடுத்து பிரஷர் டிரீட்டட் மரம் வாங்கி மணல் தொட்டி செய்யறதில்லீங்க. ஓசில வந்த கட்டை, இல்ல பாதி விலைக்கு வந்த கட்டை, அதுலதான் செய்வோம். அந்தக் கட்டை இதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சுங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

மொதல்ல பேலட் கட்டை, அதான் சரக்கு மூட்டையை அடுக்கி அனுப்பற பலகைச் சட்டம். மணலி, திருவொற்றியூர், மாதவரம் சைடுல பேக்கிங் கட்டை எங்க பாத்தாலும் கிடைக்கும். அதுல சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை இருக்கும், கோதுமைக் கதிர் படம், பக்கத்துல நாட்டோட ரெண்டு எழுத்து, நம்ம நாடுன்னா ஐ.என்., அப்புறம் ஒரு நம்பர், அதுக்கப்புறம் ஹெச்.டி. (HT) இல்லன்னா எம்.பி. (MB). ஹெச்.டி.ன்னா மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏத்தியிருக்காங்க, அவ்ளோதான், மருந்தே இல்ல, ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாதுன்னு செய்யறது. எம்.பி.ன்னா மீத்தைல் புரோமைடு வாயு அடிச்சது. அது வாயுங்கறதால பெரும்பாலும் காத்துல போயிடும்னாலும் அடிக்கும்போது பக்கத்துல நிக்கிறவங்களுக்கு கொடிய விஷம், ஹெச்.டி. கொட்டிக் கிடக்கும்போது குழந்தை சாமானுக்கு எதுக்கு எம்.பி. எடுக்கணும், ஒதுக்கிடுங்க. முத்திரையே இல்லாததையும் ஒதுக்கிடுங்க. இன்னொண்ணு முத்திரை சொல்லாத விஷயம்: அந்த பேலட் மேல என்ன மூட்டை உக்காந்து வந்துச்சு? சாயப் பவுடரா, தோலுக்குப் போடுற கெமிக்கலா, பூச்சி மருந்தா? கறை இருந்தா, வாடை அடிச்சா, ஏதாவது ஒரு இடம் மட்டும் கலர் மாறி இருந்தா ஹெச்.டி. இருந்தாலும் வேணாம். எங்க வீட்டுக்காரர் முத்திரையைப் பாக்கறதுக்கு முன்னாடி மோந்து பாப்பாரு, யார்டுல எல்லாரும் சிரிப்பாங்களாம்.

கேபிள் டிரம், அதான் பெரிய உருளை, அதைக் குறுக்க போட்டு டேபிளா யூஸ் பண்றது இப்ப ஃபேஷன். வெளில மழைல வருஷக்கணக்கா கெடக்க வேண்டிய சாமான் அது, மருந்து ஏத்தியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. டீக்கடைக்கு ஓகே, மேல உக்காந்து சோறு சாப்பிடப் போற குழந்தைக்கு வேணாம்.

அப்புறம் சிலிப்பர் கட்டை, அதான் தண்டவாளத்துக்கு அடில குறுக்க போடற கட்டை. ரயில்வே குடும்பம் இருக்குற பெரம்பூர், ராயபுரம் வீடுகள்ல இதைப் பத்தி ஒரு பெருமையே உண்டு. இப்ப லைன்ல எல்லாம் கான்கிரீட் சிலிப்பர்தான், பழைய மரக் கட்டை கைமாறி கைமாறி வந்துடும். எங்க மாமனார் ரயில்வே ரிட்டயர்டு, "இந்தக் கட்டை நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆவாதும்மா, கரையான் கிட்டயே வராது"ன்னாரு. "அதான் மாமா விஷயமே, கரையானே கடிக்க பயப்படறதை உங்க பேரன்தான் கடிப்பான்"னேன். சிரிச்சாரு, ஆனா விட்டுட்டாரு. அந்தக் கட்டைல ஊறியிருக்கறது கிரியோசோட், நிலக்கரித் தார்ல இருந்து எடுக்கற எண்ணெய், அதுலயும் புத்துநோய் உண்டாக்குற சரக்கு இருக்கு. கத்திரி வெயில்ல கருப்பா கசிஞ்சு கையில ஒட்டும், அது மேல வெயில் பட்டா தோல் எரியும். ஐரோப்பால விளையாட்டு இடத்துலயும் தோட்டத்துலயும் இதைப் போடக் கூடாதுன்னே சட்டம். இதை மட்டும் பெயிண்ட் அடிச்சு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, வெயில் வந்தா பெயிண்ட்டைத் தாண்டி கசியும்.

சௌகார்பேட்டை, ஜார்ஜ் டவுன்ல பழைய வீடு இடிக்கும்போது வர்ற கதவு ஜன்னல் தேக்கு, மரம் தங்கம்தான், ஆனா மேல இருக்குற பெயிண்ட்டைப் பாருங்க. இந்தியால வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2016-ல போட்டு 2017 நவம்பர்ல இருந்துதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட் எதுலயும் ஈயம் இருக்கலாம். சின்னக் குழந்தை மூளைக்கு ஈயம் செய்யற கெடுதலுக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணே கிடையாது. நான் ரெண்டுல ஒண்ணுக்கு பயப்படணும்னா சி.சி.ஏ.வை விட இதுக்குத்தான் பயப்படுவேன். நாம பண்ற வேலை வேற, அந்தப் பெயிண்ட்டை வீட்டு வாசல்ல உக்காந்து உப்புத்தாள் போட்டு தேய்ப்போம், அந்தத் தூசு பூரா தரைல, தரைல யாரு தவழுறது? தச்சுப் பட்டறைல குடுத்து மெஷின்ல இழைச்சு வாங்குங்க, பெயிண்ட் வாடையே இல்லாத வெறும் மரமா. காசிமேட்டுல பழைய படகுப் பலகை கெடைச்சாலும் இதே கதைதான், அடிப்பக்கம் அடிக்கற பெயிண்ட் பாசி ஒட்டாம இருக்க போடறது, அதுவே விஷம். எண்ணூர் பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் கலந்த தண்ணில ஊறுன மரமும் சுத்திக்கிட்டு இருக்கலாம், கருப்புக் கோடு தெரிஞ்சா தொடாதீங்க.

மரம் நல்லதா வாங்கிட்டு வீட்ல நாமளே கெடுக்கறது தனி ரகம். மெக்கானிக் ஷெட்டுல இருந்து வேஸ்ட் ஆயில் வாங்கிட்டு வந்து கரையானுக்குன்னு கட்டைல தடவுவோம். ஓடுன இன்ஜின் ஆயில்ல தார் வகை விஷமும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், குழந்தை தொடற மரத்துக்கு அது வேணாம். கார்ப்பென்டர் அண்ணன் தானாவே கரையான் மருந்து பிரஷ்ல அடிச்சுட்டுப் போவாரு, மண்ணெண்ணெய் வாடை தூக்கும், அதுல குளோர்பைரிபாஸ் மாதிரி பூச்சி மருந்து இருக்கும், குழந்தைங்க நரம்புக்கு ஆவாததுன்னு அமெரிக்கால 2000-லயே வீட்டு உபயோகத்துல இருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க. வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே "அண்ணே, இதுக்கு எந்த மருந்தும் அடிக்காதீங்க, குழந்தை சாமான்"னு சொல்லிடுங்க, அப்புறம் சொன்னா லேட்.

போகி வருதே, அதையும் சொல்லிடறேன். மருந்து ஏத்துன கட்டையை எரிக்கவே கூடாது, போகிலயும் சரி வெந்நீர் அடுப்புலயும் சரி. எரிஞ்சா ஆர்சனிக் கொஞ்சம் புகைல போவும், மிச்சம் பூரா சாம்பல்ல கெட்டியா தங்கும். நம்ம ஊர்ல அந்தச் சாம்பலை அப்படியே அள்ளி செடிக்குப் போடுவாங்க, கீரைக்கு நல்லதுன்னு. குழந்தைக்கு ஊட்டப் போற கீரைக்கு. அறுத்த மரத்தூளும் அப்படித்தான், மண்ணோட கலக்காதீங்க.

சரி, என்னதான் வாங்கறது? ஊஞ்சல் பலகைக்கு வேம்பு இல்ல தேக்குத் துண்டு, மரவாடில அறுத்து மிச்சம் விழுந்த துண்டு கேட்டா சல்லிசா குடுப்பாங்க, வயிரம் பாஞ்ச பாகமா பாத்து எடுங்க, வெளுப்பு ஓரம் சீக்கிரம் உளுத்துடும். மணல் தொட்டிக்கு மருந்து படாத சவுக்குக் கட்டையே போதும், ரெண்டு மூணு வருஷத்துல உளுத்தா மாத்திக்கங்க, அதுக்குள்ள பையன் மணலை விட்டுட்டு சைக்கிள் கேப்பான். செடிப் பெட்டிக்கு ஹெச்.டி. பேலட்டே தாராளம், உள்ள குரோ பேக் (செடி வளர்க்கற பை) வெச்சுட்டா மண்ணு மரத்துல படவே படாது, மரத்துக்கும் ஆயுசு கூடும். ரப்பர் மரத்துல போரான் மருந்து ஏத்தித்தான் விப்பாங்க, அது ஆர்சனிக் மாதிரி பயப்பட வேண்டியது இல்ல, வீட்டுக்குள்ள கட்டில் நாற்காலிக்கு நல்லது, ஆனா மாடில மழை பட்டா போரான் கரைஞ்சு போயிடும், அப்புறம் மரமும் போயிடும், அதனால வெளிய வேணாம். எந்த மரமானாலும் ஓரம் எல்லாம் உருட்டி இழைச்சு வாங்குங்க, நிஜத்துல வாரா வாரம் நடக்கப் போற காயம் சிராய் ஏர்றதுதான்.

ஏற்கனவே யாராவது சி.சி.ஏ.ன்னு சந்தேகமான மரத்துல கட்டி வெச்சிருந்தா பதற வேணாம், உடைச்சு தூசு கெளப்பவும் வேணாம். மரத்துக்குள்ள ஊர்ற ஆயில் வகை கோட்டிங் வருஷம் ஒருக்கா இல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அடிங்க, மேல ஒட்டறது ரொம்பவே குறையும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீங்க, அது மரத்துல இருக்குற குரோமியத்தை இன்னும் மோசமான வகையா மாத்திடும், சோப்புத் தண்ணியும் துணியும் போதும். அந்தப் பெட்டில கீரை, முள்ளங்கி வேணாம், பூச்செடி வெச்சுக்கோங்க. அது மேல சாப்பாட்டுத் தட்டு வைக்காதீங்க, விளையாடி முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் பிஸ்கட்டு.

வாங்கறதுக்கு முன்னாடி பேலட் முத்திரையை போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க, ராத்திரி வீட்டுக்காரர் வந்ததும் கேட்டு சொல்றேன். மோந்து பாக்கறதை மட்டும் நீங்கதான் பண்ணணும்.