கை மரத்தால் ஹேண்டில்பாரை மாற்றலாமா?
நெடுந்தூர சைக்கிள் பயணம்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்வருவேன். பொன்னேரியைத் தாண்டும்போதே இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன. நேர் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, ரேஸ் சைக்கிளில் இருப்பதுபோல் கீழே வளைந்த டிராப் பார் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காசு செலவழிக்கும் முன் எல்-கீ செட்டைக் கையில் எடுங்கள். எந்த விரல் மரக்கிறது என்று நீங்கள் சரியாகச் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்னார் நரம்பு. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டில், அது அதிக ஆழமில்லாமல் ஓடுகிறது. நேர் பாரில் உடல் எடை விழுவதும் அதே மேட்டில்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தே பிடித்திருப்பது அதற்குப் பொதுவான காரணம்.

கைக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சீட்டிலிருந்து. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்காமல் தாங்குவது கைகளின் வேலையாகிவிடும். தரை சமமாக உள்ள இடத்தில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு நீளமான ஸ்கேலை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டமாக இருக்கட்டும். அடுத்தது உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால், இடுப்பு ஆடாமல் முழங்கால் நேராக நீள வேண்டும்.

பிறகு சீட்டின் முன்பின் நிலை. ஆளில்லாத தெருவில் ஓரளவு அழுத்தி மிதித்துக்கொண்டே, இரண்டு கையையும் பாரிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் தூக்கிப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. உடல் உடனே முன்னால் விழுந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னே தள்ளுங்கள். பின்னே தள்ளும்போது பெடல் கொஞ்சம் எட்டிப்போகும் என்பதால் உயரத்தில் ஓரிரு மி.மீ. குறையுங்கள். முன்னால் விழாமல் சில நொடி நிற்கிற அளவு வந்தால் போதும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் ஹேண்டில்பாருக்கு வர வேண்டும். நெடுந்தூரத்துக்கு அது சீட்டின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருப்பது நல்லது. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் தண்டான ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றுங்கள். ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் உயரம் கிடைக்கும். பிரேக் லிவர் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருந்தால், முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரே கோடாக வரும்படி கீழே சாயுங்கள். பல ஹைப்ரிட்களில் 30 முதல் 45 டிகிரி சாய்வில் இது அமைந்துவிடும். உருண்டை கிரிப்புக்குப் பதில், உள்ளங்கை மேட்டைத் தாங்கும் தட்டையான இறக்கை வைத்த கிரிப் போடுங்கள். போல்ட்டால் இறுக்கும் வகையாகப் பாருங்கள், வியர்வையில் சுழலாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 20 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

இறங்கி ஒரு நாள் ஆன பிறகும் மரப்பு போகவில்லை, அல்லது விரல்களில் பலம் குறைகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அமுங்கிய நரம்பு தேற வாரக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி: சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகத் திட்டம். என்னுடையது முன்னால் 3, பின்னால் 8 கியர், வி-பிரேக், நேர் ஹேண்டில்பார். டிராப், பட்டர்ஃபிளை, பின்னால் வளைந்த பழைய பாணி என்று மூன்றையும் சொல்கிறார்கள். எது நல்லது?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: உங்கள் சைக்கிளில் சுலபமாக உட்காருவது, வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் இரு பக்கமும் வளைந்த பட்டர்ஃபிளை. காரணம் குழாயின் தடிமன். நேர் பாரில் லிவர், கியர் ஷிஃப்டர், கிரிப் உட்காரும் இடம் 22.2 மி.மீ. விட்டம். பட்டர்ஃபிளைக்கும், பின்னால் வளைந்த பாருக்கும் அதே அளவுதான். இருக்கிற லிவரையும் ஷிஃப்டரையும் அப்படியே கழற்றி மாட்டலாம். டிராப் பாரில் அந்த இடம் 23.8 மி.மீ. உங்கள் லிவர் எதுவும் அதில் ஏறாது.

சரி, டிராப் பாருக்கான புது லிவர் வாங்கிவிடலாம் என்றால் அடுத்த சிக்கல் பிரேக்கில் வரும். இரண்டு நெடிய கைகளால் ரிம்மை அழுத்தும் வி-பிரேக்குக்கு லிவர் அதிக நீளம் கேபிளை இழுக்க வேண்டும். டிராப் பார் லிவர்கள் இழுப்பது குறைவு. பிரேக் கட்டை ரிம்மை எட்டினாலும் பிடி போதாது; இறக்கத்தில் ஆபத்து. அதைச் சரிசெய்யப் பிரேக்கின் கைகள் குட்டையான மினி வி-பிரேக் தேவை, அல்லது கேபிள் இழுப்பைக் கூட்டும் சிறு கப்பி. ஷிமானோ 8 கியரில் பின் டிரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) ரோடு, மவுண்டன் இரண்டு வகை ஷிஃப்டருக்கும் ஒத்துப்போகும். முன் டிரெய்லர் ஒத்துப்போகாது, அதையும் மாற்ற வேண்டிவரும். இத்தனைக்கும் மேலே, நேர் பாருக்காக வடிவமைத்த ஃபிரேமில் மேல் குழாய் நீளம். டிராப் பாரில் கை வைக்கும் லிவர் தலை இன்னும் முன்னால் தள்ளி நிற்பதால், முதுகு நீண்டு கழுத்து வலி வரும். டிராப் பார் அருமையான சாதனம்தான், மூன்று நான்கு பிடி கிடைக்கும். ஆனால் அதை அதற்கென்றே செய்த ஃபிரேமோடு வாங்குவதே புத்திசாலித்தனம்.

பட்டர்ஃபிளையில் பிரேக் லிவர் உடலுக்கு அருகே இருக்கும். முன் வளைவைப் பிடித்தால் காற்றுக்குக் குனிந்துகொள்ளலாம், பக்கவாட்டைப் பிடித்தால் மணிக்கட்டு ஓய்வெடுக்கும். முன் வளைவில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது. ஊருக்குள் அந்தப் பிடி வேண்டாம். ஹேண்டில்பார் பை மாட்டவும் இடம் நெருக்கடியாகும். வாங்கும் முன் ஸ்டெம் கவ்வும் நடுப்பகுதியின் விட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பட்டர்ஃபிளை பெரும்பாலும் 25.4 மி.மீ. உங்கள் ஸ்டெம் 31.8 ஆக இருந்தால் இடைவெளியை நிரப்பும் அலுமினிய வளையமான ஷிம் போடலாம். தகர டப்பாவை வெட்டிச் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், பாதி வழியில் பார் சுழலும். கேபிளும் உறையும் நீளம் போதாமல் போகக்கூடும். புதிதாகப் போடும்போது கியர் உறையைப் பிரேக்குக்குப் போட விடாதீர்கள். அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் பிரேக்கின் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

பின்னால் வளைந்த பார் கைக்குச் சுகம். முழு எடையும் சீட்டுக்குப் போகும், அகலமான சீட் வேண்டும். நிமிர்ந்து உட்காருவதால் எதிர்காற்று மார்பில் மோதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வீசும் காற்று காற்றாலைகளையே ஓட்டுகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகப் போனால் அதை முகத்துக்கு நேரே வாங்க வேண்டும். பயணம் அந்த மாதங்களில் என்றால் குனியும் பிடி உள்ள பாரே நல்லது.

எதையும் மாற்றப் பிடிக்கவில்லையா? நேர் பாரின் இரு முனையிலும் கொம்பு போன்ற பார்-எண்ட் ஒரு ஜோடி மாட்டுங்கள். குறைந்த செலவில் இரண்டாவது பிடி கிடைக்கும். ஹைப்ரிட் வைத்திருக்கும் பலருக்கு அதுவே போதும்.

கேள்வி: கடலுக்கு ரொம்ப அருகில் வீடு. உயரத்தைக் கூட்டலாம் என்று பார்த்தால் ஹேண்டில் தண்டு அசையவே மாட்டேன் என்கிறது. கடையில் சுத்தியால் அடித்தும் வரவில்லை.
– எண்ணூர் வாசகர்

பதில்: உங்களுடையது ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் பழைய வகை ஸ்டெம். தண்டு அலுமினியம், ஃபோர்க் குழாய் இரும்பு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஆப்பு வைத்ததுபோல் இறுகும். உப்புக் காற்றுள்ள உங்கள் பகுதியில் கிரீஸ் இல்லாமல் மாட்டிய தண்டுக்கு இந்தக் கதி வருவது சகஜம்.

மேலே உள்ள போல்ட்டை முழுவதும் கழற்றாமல் நாலு சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரே ஒரு தட்டு. தண்டின் அடியில் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்பு விடுபடும். ஆப்பு விட்ட பிறகும் தண்டு வரவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெயை மேல் விளிம்பில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, ஃபோர்க்கின் அடித்துளை வழியாகவும் விடுங்கள். மறுநாள் முன் சக்கரத்தை முழங்காலுக்கிடையே கவ்வி, பாரை இடவலமாகத் திருப்பி விடுவியுங்கள். மேல்நோக்கி இழுப்பதால் பயனில்லை. வெளியே வந்ததும் உள்ளே வெளியே துடைத்து, தாராளமாகக் கிரீஸ் தடவி இறக்குங்கள். உயர்த்தும்போது தண்டில் பொறித்துள்ள கோடு வெளியே தெரியக் கூடாது. அதைத் தாண்டினால் ஃபோர்க் குழாயே பிளக்கலாம்.

ஹேண்டில்பாரையும் இதே கண்ணோடு பாருங்கள். டேப்புக்கும் கிரிப்புக்கும் அடியில் வியர்வை தேங்கி அலுமினியத்தைத் தின்னும். வெளியே எதுவும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, குறிப்பாக ஸ்டெம் கவ்வும் விளிம்பிலும் லிவர் கவ்வும் இடத்திலும் குழியோ மயிரிழை விரிசலோ இருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். இருந்தால் அந்தப் பாரைத் தூக்கிப் போடுங்கள். அலுமினியம் வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியக்கூடியது.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் சாம்பல் தூசியும் மணலும் அதிகம். கெட்டியான எண்ணெய் போட்ட செயினில் அவை ஒட்டி உப்புத்தாள்போல் பல்லைத் தேய்க்கும். மெல்லிய எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். 12 முழுக் கண்ணிகளின் நீளம் புதிதாக இருக்கும்போது சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்துக்கு மேல் 1/16 நீண்டால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டுவிட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். ஸ்போக்ஸும் கேபிளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி. எந்த சைக்கிளிலும் ஹேண்டில்பார் அகலமாக இருக்கிறது, பிரேக் லிவர் விரலுக்கு எட்டவில்லை. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டமான பிரெவேயில் 200 கி.மீ. ஓட்ட ஆசை.
– பெரம்பூர் வாசகி

பதில்: லிவர் எட்டாததற்கு மருந்து லிவரிலேயே இருக்கிறது. பெரும்பாலான லிவர்களில், அது மடங்கும் இடத்துக்கு அருகே சிறு திருகு ஒன்று உண்டு. அதை உள்ளே திருகினால் லிவர் பாரை நோக்கி வரும். வந்த பிறகு கேபிளை இறுக்கிக் கட்டையை ரிம்மின் பக்கம் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் லிவர் பாரில் முட்டிய பிறகும் பிரேக் பிடிக்காது. ஆள்காட்டி விரலின் முதல் கணு லிவரில் வளைந்து உட்கார வேண்டும்.

அகலத்தை வெட்டும் முன் சோதித்துப் பார்க்கலாம். கிரிப், லிவர், ஷிஃப்டர் எல்லாவற்றையும் இரு பக்கமும் 2 செ.மீ. உள்ளே நகர்த்தி ஒரு வாரம் ஓட்டுங்கள். சுகமாக இருந்தால் வெளியே நீட்டியிருப்பதை ஹாக்ஸாவால் வெட்டி, அரத்தால் மழுக்கி, முனைக்கு மூடி போடுங்கள். மூடியில்லாத குழாய் முனை விழும்போது வயிற்றில் குத்தும். முதுகு நீண்டு வலித்தால், 90 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதில் 70 மி.மீ. போடலாம்; திருப்பம் கொஞ்சம் வேகமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். அதற்கும் குறைவாகத் தேவைப்பட்டால் ஃபிரேமே உங்களுக்குப் பெரிது. 200 கி.மீ. பிரெவேக்கு நேரம் 13 மணி 30 நிமிடம். அவ்வளவு நேரம் பொருந்தாத ஃபிரேமில் உடலை வதைக்க வேண்டாம், சிறிய அளவை வாங்குங்கள்.

கேள்வி: ஜெல் கையுறை வாங்கினால் போதாதா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: உதவும், ஆனால் தடித்த ஜெல் சிலருக்கு நரம்பின் மேலேயே குவிந்து அழுத்தத்தைக் கூட்டும். அதிர்வைக் குறைக்க முதலில் டயரைக் கவனியுங்கள். 35 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு ஜெல்லைத் தேடுவதில் பொருளில்லை. 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 50, பின்னால் 60 என்று தொடங்கிப் பார்க்கலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய ராடு பிரேக் சைக்கிளில் புது ஹேண்டில்பார் போட்டு டூர் போகலாமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: ராடு பிரேக்கின் லிவர் அந்தப் பாரோடு சேர்ந்தே வருகிறது, பாரை மாற்றினால் பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த ரிம்மின் வடிவம் வேறு என்பதால் சாதாரண கேபிள் பிரேக் அதன் பக்கத்தைப் பிடிக்காது. அந்தப் பாரே கைக்கு நல்ல சுகம், அப்படியே விடுங்கள். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதை மட்டும் மறக்காமல், சமதரையில் நாளுக்கு 40, 50 கி.மீ. என்று போய்வாருங்கள்.

கேள்வி: ஏலகிரி போய் வரும்போது இறக்கத்தில் ஹேண்டில்பார் கிடுகிடுவென்று ஆடியது. ஹேண்டில்பார் பையில் கேமரா, சார்ஜர், பூட்டு என்று 5 கிலோ இருந்தது. பாரை மாற்றினால் சரியாகுமா?
– கொடுங்கையூர் வாசகர்

பதில்: பார் காரணமில்லை, பைதான். உயரத்தில், திருப்பும் அச்சுக்கு முன்னால் தொங்கும் எடை ஒவ்வொரு திருப்பத்திலும் ஊசலாடும். அந்தப் பையில் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். பூட்டும் சார்ஜரும் பின் கேரியர் பைகளில், சக்கர அச்சுக்கு நெருக்கமாக, கீழே போகட்டும். அவையும் ஆடாமல் கட்டியிருக்க வேண்டும். பை முன் பிரேக் கேபிளை அழுத்தி மடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில் டக் டக் என்று சத்தம் வந்தால் பால்ரஸ் தளர்ந்திருக்கிறது. மேல் மூடி போல்ட்டை இறுக்கும் முன் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஆட்டம் போனதும் அவற்றை 5 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். ஸ்டெம்மில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே கணக்கு. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் அதையும் எடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இறக்கத்தில் ஆடினால் பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்காலாலும் மேல் குழாயை அணைத்து, சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.