சொல்லும் பொருளும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ‘நெல்லெல்லாம் சாவியாப் போச்சு’ என்கிறார்கள் விவசாயிகள். பூட்டுச் சாவிக்கும் இதற்கும் என்ன உறவு?

பதில்: உறவே இல்லை, ஓசை மட்டுமே ஒன்று. மணி பிடிக்காமல் வெறும் உமியாக நிற்கும் கதிர்தான் சாவி. ‘சா’ என்ற வினையடியில் பிறந்த தமிழ்ச் சொல். பூக்கும் நேரத்தில் தண்ணீர் தட்டினாலோ, பால் பருவத்தில் கதிர்நாவாய்ப் பூச்சி உறிஞ்சினாலோ கதிர் சாவியாகும்.

பூட்டுச் சாவி போர்ச்சுகீசியர் தந்தது. இன்று லிஸ்பனில் அதை ‘ஷாவ்’ என்பதுபோல் ஒலிக்கிறார்கள். அவர்கள் நம் கரைக்கு வந்த 16-ஆம் நூற்றாண்டில் முதலொலி, ‘பச்சை’யில் வருவதுபோன்ற வல்லின ‘ச்’. அவர்களே கைவிட்ட ஒலியைத் தமிழ் காத்து வைத்திருக்கிறது! திறவுகோல் எழுத்து நடைக்குள் ஒதுங்கிவிட்டாலும், குமரி மாவட்டத்தில் ‘தாக்கோல்’, ஈழத்தில் ‘திறப்பு’ இன்றும் அன்றாடப் பேச்சில் உண்டு. அங்குள்ளவர்கள் அவற்றை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: ‘துட்டு’ தமிழா?

பதில்: டச்சு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரர்களின் சிறு செப்புக்காசின் பெயர். ‘கக்கூசு’ம் அவர்கள் வழி வந்ததே.

கேள்வி: பழைய அடங்கலில் (ஊரின் நில, பயிர்க் கணக்கில்) ‘பசலி 1410’ என்றிருக்கிறது. எந்த ஆண்டு?

பதில்: 590-ஐக் கூட்டுங்கள்: 2000. ஆனால் நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஆகவே 1410 என்பது 1.7.2000 முதல் 30.6.2001 வரை. பலரும் தவறுவது இங்கேதான். 2001 மார்ச்சில் நடந்ததைத் தேடுபவர் 590-ஐக் கழித்து 1411-ஆம் பசலிக் கணக்கைக் கேட்டால் கிடைக்காது. ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு 591-ஐக் கழிக்க வேண்டும்.

சொல்லின் வேர் அரபி ‘ஃபஸ்ல்’. பருவம், அறுவடை என்று பொருள். இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதை வைத்து வரி கேட்டால் சில ஆண்டுகளிலேயே, பயிர் வயலில் நிற்கும்போதே தவணை வந்துவிடும். அதனால்தான் முகலாயர் ஆட்சியில் ஹிஜ்ரி எண்ணை எடுத்துக்கொண்டு, அதன்பின் சூரியக் கணக்கில் எண்ணத் தொடங்கினார்கள். இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன: 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434, ஹிஜ்ரியோ 1446.