ஆசிரியரைக் கேளுங்கள்: 6ஆம் தரத்துக்குப் பின் புள்ளிகள் குறைவது ஏன்?

கேள்வி: என் மகன் எங்கள் ஊர்ப் பாடசாலையில் 7ஆம் தரத்தில் கற்கிறான். 5ஆம் தரம் வரை நன்றாகப் படித்தவன், கடந்த தவணையில் கணிதத்துக்கு 28 புள்ளிகளும் விஞ்ஞானத்துக்கு 31 புள்ளிகளுமே எடுத்தான். பின்னேரம் ரியூசனுக்கும் அனுப்புகிறோம். மட்டக்களப்பு நகரில் இருக்கும் என் அக்கா வீட்டில் விட்டு, அங்குள்ள பாடசாலையொன்றில் சேர்க்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். இங்கேயே அவனுக்கு உதவி கிடைக்க வழியுண்டா? 9ஆம் தரத்தில் இருக்கும் மகள் அடுத்த வருடம் எந்தப் பாடங்களை எடுப்பது என்றும் தெரியவில்லை.
– ஒரு தாய், கொக்கட்டிச்சோலை

பதில்: சகோதரி, பாடசாலையை மாற்றுவது பற்றி முடிவெடுக்க முன்னர், உங்கள் மகனால் சரளமாக வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியர் நாள் முழுவதும் பிள்ளையுடன் இருப்பதால், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையையும் அவர் வாய்மொழியாலேயே கரைசேர்த்துவிடுவார். 6ஆம் தரத்தில் பாடத்துக்கொரு ஆசிரியர் வருகிறார். ஒரு பாடவேளை முடிய அடுத்தவர் வந்துவிடுவார். வரலாறு, புவியியல், குடியியல், விஞ்ஞானம் என்று எல்லாப் பாடங்களும் புத்தகத்தை வாசித்து விளங்கிக்கொள்ளும் பாடங்களாகிவிட, அதுவரை வெளியே தெரியாதிருந்த குறை அங்கேதான் தெரியவருகிறது.

இன்றிரவே இதைச் செய்து பாருங்கள். ‘12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் உள்ள செவ்வகக் காணியைச் சுற்றி மூன்று வரி கம்பி அடிக்க எத்தனை மீற்றர் கம்பி வேண்டும்?’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவன் திணறினால், அதே கணக்கை நீங்கள் வாயால் சொல்லுங்கள். கேட்டவுடன் 120 என்று சொல்லிவிட்டால், அவனுக்குக் கணக்குத் தெரியும். வாசிப்புத்தான் தடையாக இருக்கிறது. நான் கற்பித்த காலத்தில் ‘மொக்கன்’ என்று பெயர் வாங்கியிருந்த எத்தனையோ பிள்ளைகளிடம் கண்டது இதைத்தான், அந்தப் பெயரை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் ரியூசன் கொட்டிலால் பயனில்லை.

அடுத்ததாக, தேர்ச்சி அறிக்கையையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரையும் பகுதித் தலைவரையும் சந்தியுங்கள். ‘பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள் சேர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடாமல், பரிகாரக் கற்பித்தலில் (பின்தங்கிய பிள்ளைகளுக்கு விடுபட்டதை மீளக் கற்பிப்பது) மகனைச் சேர்க்க முடியுமா, எந்த நாட்களில், யார் கற்பிப்பார் என்று கேளுங்கள். அதற்கு ஆசிரியர் இல்லையென்றால் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். மட்டக்களப்பு மேற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் தமிழ்ப்பாட ஆசிரிய ஆலோசகரின் உதவியை அவர் கேட்டுப் பெறலாம். கண் பார்வையையும் மறந்துவிட வேண்டாம். 7ஆம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடைபெறும்; அன்று மகன் வந்திருந்தானா, பார்வை பற்றி ஏதும் குறித்தார்களா என்று விசாரியுங்கள். வீட்டில் தினமும் கால் மணித்தியாலம், அவன் விரும்பும் எதையாவது உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். பிழை விட்டால் உடனே தடுக்காமல், வசனம் முடிந்த பின் திருத்துங்கள்.

நகரத்துக்கு அனுப்புவதை இப்போதைக்குத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் போய்வருவது இலகுவாகிவிட்டது உண்மைதான். ஆனால் வாசிக்கத் தடுமாறும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தாயையும் பிரிந்து, பெரிய வகுப்பொன்றின் கடைசி வாங்கில் போய் அமர்ந்தால் அவனை யார் கண்டுகொள்வார்கள்? வாசிப்புச் சீரான பின்னர் இதை யோசிக்கலாம்.

மகளைப் பொறுத்தவரை, தற்போதைய சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக அவளே தெரிவு செய்யலாம். அவளது விருப்பத்தை முதலில் கேளுங்கள். பிறகு, அந்தப் பாடத்துக்கு உங்கள் பாடசாலையில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிநேகிதி எடுக்கிறாள் என்பதற்காக வணிகக் கல்வியை எடுத்துவிட்டு, ஆசிரியர் இல்லாமல் 11ஆம் தரத்தில் பாடம் மாற்றிய பிள்ளைகள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன்.