மூளை அனியூரிசத்துக்கு வலை ஸ்டென்ட்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி பதில்

சாட்ஸ்வர்த்: மூளைத் தமனியின் புடைப்புக்குள் (அனியூரிசம்) ரத்தம் பாய்வதைக் குறைக்கத் தமனிக்குள் வைக்கும் கம்பி வலைக் குழாய்தான் வலை ஸ்டென்ட். அதை முதலில் சோதிக்க ஏன் முயல், ஐயா? பன்றிதானே பெரிது?

பன்றியின் கழுத்துத் தமனியில் சிரைத் துண்டைப் புடைப்பு போன்ற பையாகத் தைப்பார்கள். அந்தப் பை பல நேரம் தானாகவே உறைந்து மூடிக்கொள்ளும். ஸ்டென்ட்தான் மூடியது என்று பெயர் அதற்குப் போய்விடும். முயலின் ரத்தம் உறையும் விதம் நமக்கு நெருக்கம். அதன் வலது கழுத்துத் தமனியை மேலே கட்டி, அடியைப் பலூனால் அடைத்து, இடையில் எலாஸ்டேஸ் நொதியை 20 நிமிடம் நிறுத்துவார்கள். சுவரின் மீள்நார் கரைந்து, மூன்று வாரத்தில் புடைப்பு தயார். சில முயல்களுக்கு அங்கிருந்தே மூச்சுக்குழாய்க்குக் கிளை பிரியும். நொதி அதில் இறங்கினால் மூச்சுக்குழாய் அழுகிவிடும். அதனால் முதலில் சாயம் செலுத்திப் படம் பார்ப்பார்கள்.

பீனிக்ஸ்: வலை நெருக்கமாக இருந்தால் நல்லதுதானே?

அளவோடு இருந்தால். பைப்லைன் என்ற வலை ஸ்டென்ட்டில் 48 கம்பிகள். உலோகம் மறைப்பது சுமார் 30 முதல் 35 சதவீதம். குறைந்தால் புடைப்புக்குள் ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும். கூடினால் பக்கத்துச் சிறு கிளைகள் அடையும். முயலின் பெருந்தமனியில், இடுப்புக் கிளைகளின் வாய்மேல் வலையை விரித்து இதைச் சோதிப்பார்கள். எனக்கு அதைவிடக் கவலை வளைவுகள்தான். அங்கே வலை முழுதாக விரியாமல் சுவரைவிட்டு விலகி நின்றால், அந்த இடுக்கில் ரத்தம் உறையும்.

மியர்பேங்க்: அண்ணனை ஒரு புது வலை ஸ்டென்ட்டின் முதற்கட்ட ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். இதுவரை பத்துப் பேருக்கு வைத்து, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். நம்பலாமா?

பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கல்கூட, பத்துப் பேரில் யாருக்குமே வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டம்மா. பைப்லைனுக்கு அமெரிக்க அனுமதி 2011இல் கிடைத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் நூற்றுச்சொச்சம் பேர். அதிலேயே 5.6 சதவீதத்தினருக்குப் பெரிய பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. அண்ணனுடைய புடைப்பு வெடிக்காததா, எத்தனை மில்லிமீட்டர், காயில் (புடைப்புக்குள் நிரப்பும் மெல்லிய கம்பிச் சுருள்) வைத்தோ, அறுவையில் புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டோ முடியாதா என்று கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதலையும், பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

லெனேசியா: ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம். பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலைமேல் உட்சுவர் படர மாதக்கணக்காகும். அதுவரை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும்தான் காவல். பல் மருத்துவர் முதலில் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசட்டும். குளோபிடோக்ரெல் சிலருக்குச் சரியாக வேலை செய்யாது. ரத்தப் பரிசோதனையில் தெரியும். செய்தார்களா என்று கேளுங்கள்.