மேட்ரிக்ஸ் தெரியாவிட்டால் எகனாமெட்ரிக்ஸ் வராதா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி கேட்கிறார்: தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றான பிறகு அவர்கள் வேலைக்குப் போவது கூடியதா என்று எல்லையின் இரு பக்க ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் அதற்கான எகனாமெட்ரிக்ஸில், அதாவது பொருளாதாரத் தகவலைப் புள்ளியியலால் அலசும் பாடத்தில், வருகிற மேட்ரிக்ஸ் (அணி) கணக்கு எனக்கு வராது, ஒரு டேட்டா அனாலிசிஸ் சென்டர் முப்பத்தைந்தாயிரம் கேட்கிறது, கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் எக்செல் ஃபைலை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, நட்சத்திரக் குறி வைத்த பத்து டேபிளை எடுத்துத் தருவார்கள், அவ்வளவுதான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ‘இந்த ஊரை ஏன் அந்த ஊரோடு ஒப்பிட்டாய்’ என்று கேட்டால் சென்டர்காரர் வந்து நிற்க மாட்டார். இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்து வயிறு எரிகிறது. இரண்டு செமஸ்டர் போர்டில் நிரூபணம் எழுதவைத்துவிட்டு, ஒரு நாள்கூட நிஜ டேட்டாவைத் தொடவிடாத பாடத்திட்டம்தான் இந்த சென்டர்களுக்குச் சோறு போடுகிறது.

மேட்ரிக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ் என்ற ஒரே முறை. 2021 மே 8-இல் திட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் எவ்வளவு கூடினார்கள், அதே காலத்தில் உங்கள் கேரளப் பக்கத்துச் சித்தூர் தாலுகாவில் எவ்வளவு என்று பார்த்து, பொள்ளாச்சிக் கணக்கிலிருந்து சித்தூர்க் கணக்கைக் கழியுங்கள். 1992-இல் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது கார்ட், க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இதே எல்லைக் கணக்குதான்.

திட்டமே வராமல் இருந்திருந்தாலும் இரு பக்கமும் ஒரே போக்கில்தான் போயிருக்கும் என்று நீங்கள் நம்பவைக்க வேண்டும். அதற்கு 2021-க்கு முந்தைய சில வருஷங்களின் போக்கைக் காட்டுங்கள். அதே மாதத்தில் கொரோனா ஊரடங்கும் வந்தது, மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேரள எல்லையோர ஊரான வேலந்தாவளத்துப் பெண் நாலு எட்டு நடந்து எல்லை தாண்டி, தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனால், கேரளக் கணக்கில் இருக்கிற அவருக்கும் திட்டத்தின் பலன் கிடைத்துவிடுகிறது. அப்போது கழித்து வருகிற விடை உண்மையைவிடக் குறைவாக இருக்கும். எல்லையை ஒட்டிய ஊர்களைத் தனியாகவும், நடந்துபோய் ஏற முடியாத ஊர்களைத் தனியாகவும் கணக்கிட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஒரே ஊரில் நானூறு பெண்களைக் கேட்டால் அது நானூறு தனித் தகவல் ஆகாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, ஒரே பானையில் நானூறு சோறு எடுத்துப் பார்த்தாலும் தெரிவது அந்த ஒரு பானையைப் பற்றித்தான். ஆகவே ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத் தருகிற ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். மத்திய அரசின் பி.எல்.எஃப்.எஸ். தொழிலாளர் சர்வே டேட்டாவும் 2017-18 முதல் காசில்லாமல் கிடைக்கிறது. அதில் கை பழகுங்கள். சர்வேக்குக் கிளம்பும் முன் வேலந்தாவளத்தில் ஒரு காலை நின்று, யார் எந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.