பெறுபேற்றுக்கும் பதிவுக்கும் இடையில் ஓராண்டு

கேள்வி: என் மகள் உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். ஜேர்மனியில் இருக்கும் என் தங்கை, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை ஒரு வருடம் தன்னோடு வந்து இருக்கட்டும், தன் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு பாஷையும் படிக்கலாம் என்று அழைக்கிறாள். மகளுக்கு ஆசைதான். அவளுடைய அப்பாவோ, போனால் கிடைக்கிற இடமும் போய்விடும் என்கிறார். எது சரி?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: உங்கள் கணவரின் பயம் வீண் பயமன்று, ஆனால் அவர் பயப்பட வேண்டியது பயணத்தைப் பற்றியன்று, திகதியைப் பற்றி. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிள்ளை விரிவுரை மண்டபத்துக்குள் நுழைய ஓராண்டுக்கு மேல் ஆவது நம் நாட்டில் வழமையாகிவிட்டது. ஆகவே இடைவெளி ஆண்டு எடுக்கலாமா என்ற கேள்வியே உங்கள் வீட்டில் எழவில்லை. அது தானாகவே வந்து கதவடியில் நிற்கிறது. அதை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதி என்பது அடுத்த வருடத்துக்கென்று எடுத்துவைக்கக்கூடிய பொருளன்று. பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும்போது, அந்தப் பரீட்சைக்குரிய கல்வியாண்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். தெரிவானால் குறித்த நாளுக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்த வெற்றிடம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதில் இழப்புச் சற்றுக் கூட. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்கள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த 16 மாவட்டங்களுள் நம்முடையதும் ஒன்று. இவ்வளவும் சேர்ந்து, பல்கலைக்கழகத் தெரிவுக்குக் கணிக்கப்படும் இசட் புள்ளிக்குக் கொடுக்கும் பெறுமதியை, ஒரு பதிவுத் திகதியைத் தவறவிட்டு இழப்பது புத்தியன்று.

இனித் தங்கையின் அழைப்பு. அன்போடு அழைக்கிறார், ஆனால் அவர் நினைக்கிறபடி அது நடவாது. உறவினர் அனுப்பும் அழைப்புக் கடிதத்தை வைத்துக் கிடைப்பது வருகை விசா. அதில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம்; வேலை செய்ய இயலாது. ஓராண்டு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்து மொழி கற்பதற்கு அங்கே ‘ஓ பேர்’ என்றொரு முறை இருக்கிறது. ஆனால் அந்த முறையில் போகிறவர் தம் உறவினர் வீட்டில் இருக்க முடியாது. வீட்டில் பேசும் மொழி ஜேர்மனாக இருக்க வேண்டும். தாய்மொழியாக அல்லாமல் பழக்கத்தில் ஜேர்மன் பேசும் குடும்பமென்றால், அக்குடும்பத்துப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து வருபவரை ஏற்பதில்லை. ஆகவே சித்தி வீடு இரண்டு வகையிலும் அடிபட்டுப் போகிறது. மகள் போவதென்றால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்குத்தான் போக வேண்டும். சித்தி வார இறுதியில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் அது வேறு விடயம்.

அந்த முறைக்கு விண்ணப்பிப்பவர் 18 வயதை அடைந்தவராகவும் 27 வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும். ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜேர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மேற்படாமலும் தங்கலாம். வாரத்துக்கு 30 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. உணவும் உறையுளும் காப்புறுதியும் குடும்பத்தின் பொறுப்பு. அதற்கு மேல் மாதம் 280 யூரோ கைச்செலவுக்கும், 70 யூரோ மொழி வகுப்புக்கும் தருவார்கள். இது சம்பளமன்று. வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். கொழும்பிலுள்ள கதே நிறுவனத்தில் மொழிப் பரீட்சை எழுதி, தூதரகத்தில் நாள் கிடைத்து, விசா கைக்கு வருவதற்கே பல மாதங்கள் கரைந்துவிடும்; பெறுபேறு வந்தபின் யோசிக்கலாம் என்றிருந்தால் போவதற்கு மிஞ்சுகிற காலம் மிகக் குறைவாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளையொருத்தி இவ்வாறே போனாள். அனுமதி கிடைத்தது, தம்பி இணையத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பினான். பதிவுக்கு மூலச் சான்றிதழ்களைக் கேட்ட அன்றுதான், பிறப்புச் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் அக்காவின் பெட்டியோடு கடல் கடந்து போயிருப்பது வீட்டாருக்கு நினைவு வந்தது. அந்தத் தாய் என் வீட்டுத் திண்ணையில் வந்து இருந்தபோது, வெறுமையான பச்சைக் கோப்புறை ஒன்றைக் கையில் வைத்துத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரைவுத் தபாலில் வரவழைத்து, கடைசி நாளுக்கு முதல்நாள் காரியம் முடிந்தது. ஆகவே மூலப் பிரதிகள் வீட்டிலேயே இருக்கட்டும். மகள் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொண்டு போகட்டும். விசாவுக்கு மூலப் பத்திரம் வேண்டுமென்றால், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடுங்கள், செலவு அற்பம். பதிவுக்கு மாணவர் நேரில் வர வேண்டுமென்று பல்கலைக்கழகம் கேட்டால் மகள் வந்தேயாக வேண்டும். அந்தப் பயணச் செலவை இப்போதே ஒதுக்கிவைத்துவிட்டு, ஆண்டு முடியுமுன் திரும்ப நேரலாம் என்பதை அந்தக் குடும்பத்துக்கும் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் வீடு ஆயத்தமென்றால், நான் அனுப்பச் சொல்வேன்.

கேள்வி: வருகை விசாவில் ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே போனபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாக ஒருவர் என் மகனிடம் பணம் கேட்கிறார். பல்கலைக்கழகத்துக்கு முன் ஒரு வருடம் உழைத்துவிட்டு வரலாமாம். நம்பலாமா?
– ஒரு தந்தை, மூதூர்

பதில்: நம்பாதீர்கள். வேலைக்கு அனுப்புபவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும்; இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் இருந்தாலும் வருகை விசாவில் வேலைக்கு அனுப்ப எவருக்கும் உரிமையில்லை. பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், பின்னாளில் மேற்படிப்புக்கு விசா கேட்கும்போதும் அந்தப் பதிவு முன்னே வந்து நிற்கும்.

கேள்வி: நான் பரதநாட்டியம் கற்பவள். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். அதற்கிடையில் கனடாவிலிருக்கும் பெரியம்மா ஆறு மாதம் வந்து நிற்கச் சொல்கிறார். போகலாமா?
– ஒரு மாணவி, சாம்பல்தீவு

பதில்: கனடாவுக்கு வருகையாளராகப் போகிறவர் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம், ஆறு மாதத்துக்கு மேற்படாத பயிற்சி நெறியொன்றைத் தனி அனுமதி இல்லாமல் கற்கவும் இடமுண்டு. உங்களுக்குரிய சிக்கல், அந்த நிறுவகத்து அனுமதிக்கான செய்முறைத் தேர்வுதான். அதை வேறொருவர் உங்களுக்காகச் செய்ய முடியாது. திரையில் ஆடிக் காட்டலாம் என்றும் எண்ண வேண்டாம். இயன்றால் தேர்வு முடிந்தபின் புறப்படுங்கள். முந்திப் போவதானால் திரும்பும் நாளை மாற்றக்கூடிய பயணச்சீட்டாக எடுத்து, விண்ணப்ப அறிவித்தலை இங்கிருந்து பார்த்துச் சொல்ல ஒருவரை வைத்துவிட்டுப் போங்கள். சலங்கையை மறக்காமல் பெட்டியில் வையுங்கள். பனிக்காலத்தில் பெரியம்மா வீட்டு நிலக்கீழ் அறை அடவு செய்யப் போதுமானதாக இருக்கும்.