ஆண்கள் பிரிவில் மகளை இறக்க ரிட் மனு போடலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் மல்யுத்த வீராங்கனை. வருவாய் மாவட்டப் போட்டியில் அவளுடைய 53 கிலோ எடைப்பிரிவுக்கு வேறு மாணவிகள் யாரும் வராததால், மல்யுத்த விரிப்பான மேட்டில் கால் வைக்காமலே முதலிடம் என்று அறிவித்து மாநிலப் போட்டிக்குத் தேர்வு செய்துவிட்டார்கள். மாணவர்களோடு மோத விடுங்கள் என்று கேட்டதற்கு உடற்கல்வி ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். ஒரு மாணவனின் தந்தை வந்து சத்தம் போட்ட பிறகு, பள்ளியில் மாணவர்களுடன் அவள் பயிற்சி செய்வதையும் தலைமை ஆசிரியர் நிறுத்திவிட்டார். என்ன நடந்தாலும் நானே பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு மாணவிக்கு இந்த உரிமையை நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இணைத்துள்ளேன். ரிட் மனு போட்டு, பத்து லட்சம் இழப்பீடும் கேட்கலாமா? "அண்ணாச்சி, பிடி சொல்லிக்கொடுக்கும்போது வாத்தியார் இடுப்பைப் பிடிச்சாருன்னு ஒரு போக்சோ போட்டா பள்ளிக்கூடம் தானா வழிக்கு வந்துரும்" என்று தெரிந்த குமாஸ்தா ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஆசிரியரின் கேலி, மாவட்டப் போட்டி நடந்த இடத்தில் உங்களை மதியம் வரை காக்க வைத்தது, சான்றிதழில் பெயரின் முன்னெழுத்தைத் தவறாக எழுதியது ஆகியவற்றைப் பற்றி உங்கள் நீண்ட கடிதம் விரிவாகப் பேசுகிறது. முன்னெழுத்தைத் திருத்த ஒரு விண்ணப்பம் போதும். மற்றவை மனக்குறைகள், அவற்றுக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. பத்து லட்சம் இழப்பீட்டை இப்போதே மறந்துவிடுங்கள். இந்த விவகாரத்தில் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் மகளுக்கு மறுக்கப்பட்டது போட்டியா, எதிராளியா?

போட்டி மறுக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு வழக்கு உண்டு. பெண் என்பதற்காக மட்டும் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(1)ஆவது பிரிவு. ஆனால் பெண்களுக்கெனச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(3) இடம் தருகிறது. விளையாட்டில் மகளிர் பிரிவு தனியாக இருப்பதற்கு அரசுத் தரப்பு எடுத்துக்காட்டும் ஆதாரமும் அதுவே. அந்தப் பிரிவில் உங்கள் மகள் சேர்க்கப்பட்டிருக்கிறாள், முதலிடம் பெற்றிருக்கிறாள், மாநிலப் போட்டிக்கும் அனுப்பப்படுகிறாள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு எடுக்கப்பட்டதும் "மனுதாரர் இழந்தது என்ன?" என்று நீதிபதி கேட்டால், அதற்குச் சொல்ல உங்கள் வழக்கறிஞரிடம் பதில் இருக்காது. எதிராளி வராதது பள்ளியின் குற்றமுமல்ல, கல்வித் துறையின் குற்றமுமல்ல.

நீங்கள் இணைத்திருக்கும் அமெரிக்கத் தீர்ப்பை முழுமையாகப் படித்தேன். 1996இல் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் வழங்கிய இடைக்கால உத்தரவு அது. அந்தப் பள்ளியில் மாணவிகளுக்கென்று மல்யுத்த அணியே கிடையாது. மாணவர் அணியில் சேர்க்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு விளையாட்டே இல்லை என்ற நிலையில்தான் சமத்துவ உரிமையின் பேரில் உத்தரவு கிடைத்தது. கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் அவர்களுடைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் உடல் மோதும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளிப்பதால், அந்தச் சட்டம் அதே வழக்கில்கூட அந்த மாணவிக்குக் கைகொடுக்கவில்லை. 1998இல் ஹவாய் மாநிலம் மாணவிகளுக்கெனத் தனி மாநிலப் போட்டி தொடங்கியது முதல் அந்த நாடும் தனிப் பிரிவை நோக்கியே நகர்ந்து வருகிறது. அயல்நாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்பது ஒருபுறமிருக்க, இதை நீங்கள் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு இதையே உங்களுக்கு எதிராக வாசித்துக் காட்டும்.

எடைப்பிரிவும் உங்களுக்கு உதவாது. உலக மல்யுத்த ஒன்றியத்தின் 17 வயதுக்குட்பட்டோர் பட்டியலில் மாணவிகளுக்கு 53 கிலோ உண்டு. மாணவர்களுக்கு 51 உண்டு, 55 உண்டு, 53 கிடையாது. "அதே எடையில் மோத விடுங்கள்" என்ற கோரிக்கையைச் சேர்க்க விதிப்புத்தகத்தில் இடமே இல்லை என்று பதில் மனுவில் எழுதுவார்கள். விளையாட்டு அமைப்பின் தேர்வு முடிவுகளில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன், 74 கிலோ பிரிவில் தனக்குத் தகுதிப் போட்டி நடத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன சுஷில் குமார் ஏற்கெனவே இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். அவருடைய மனுவே தள்ளுபடியானது.

பயிற்சியை நிறுத்தியது வேறு விஷயம். உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பது அங்கேதான். மாணவர்கள் அதே மேட்டில் பயிற்சியைத் தொடர, ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மாநிலப் போட்டிக்குப் போகும் மாணவியை ஓரமாக உட்கார வைப்பதை எந்த முதன்மைக் கல்வி அலுவலராலும் எழுத்தில் நியாயப்படுத்துவது கடினம். ஆனால் இதற்காக நீங்கள் மதுரைக்குப் போனால், பெரும்பாலும் உங்கள் மனுவைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு கிடைக்கும். அந்த வாரங்கள் முடிவதற்குள் மாநிலப் போட்டி முடிந்திருக்கும்.

முத்திரைத்தாள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இருபது ரூபாய்த் தாளில் "என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று தந்தை எழுதிக் கொடுப்பதால், கவனக்குறைவால் காயம்பட்ட ஒரு சிறாரின் உரிமை அழிந்துவிடாது. தொடுத்த வழக்கைச் சமரசம் செய்வதற்கே சிறார் சார்பில் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆவது கட்டளை, 7ஆவது விதி. ஆகவே பள்ளிக்கு அந்தத் தாளால் பாதுகாப்பு இல்லை. நாளை கழுத்தில் அடிபட்டால், ஆபத்து தெரிந்தே நீங்கள்தான் வற்புறுத்தினீர்கள் என்று காட்ட மட்டும் அது பயன்படும்.

இனி, குமாஸ்தா சொன்ன யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த பகுதி இதுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் தொட்ட விதம் தவறாகப் பட்டது என்று உங்கள் மகள் தானாகச் சொல்லியிருக்கிறாளா? சொல்லியிருந்தால், அது பள்ளியை வழிக்குக் கொண்டுவரும் கருவி அல்ல. போட்டி, பயிற்சி, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இன்றே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போக வேண்டிய விஷயம். தெரிந்த எவரும் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. சொல்லாமல் இருப்பது 21ஆவது பிரிவின்படி குற்றம். உங்கள் கடிதத்தில் அவள் அப்படிச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்குவது மல்யுத்தத்தில் அன்றாடப் பாடம். வீட்டில் தாயார் ஒருமுறை, எதையும் எடுத்துக்கொடுக்காமல், கேட்டுப் பார்க்கட்டும். அவள் இல்லை என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிய வேண்டும்.

இந்த யோசனை ஏன் நம் பக்கத்து நீதிமன்ற வளாகங்களில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குற்ற மனநிலை இருந்ததாகச் சிறப்பு நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது போக்சோவின் 30ஆவது பிரிவு. இல்லை என்று நிரூபிக்கும் சுமை ஆசிரியர்மேல் விழுகிறது. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் பணியிடை நீக்கம் வரக்கூடும். எனவே "வழிக்கு வந்துரும்" என்று குமாஸ்தா சொல்வது முதல் வாரத்துக்கு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வாகனத்தில் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. உங்கள் மகள் காவல் துறையிடம் ஒருமுறையும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆவது பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன் மறுமுறையும் வாக்குமூலம் தர வேண்டியிருக்கும். பிறகு விசாரணையில் குறுக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டும். பள்ளி இறங்கி வந்த பிறகு நீங்கள் சமரசம் என்று போனாலும் வழக்கு நிற்காது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான இத்தகைய வழக்கை, பெற்றோருடன் சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. புகார் பொய் என்று தெரிந்தால், அவமானப்படுத்தவோ மிரட்டவோ மட்டும் கொடுத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது போக்சோவின் 22ஆவது பிரிவு. அதில் குழந்தைக்குத் தண்டனை இல்லை. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

கபடித் தேர்வில் பெயர் விடுபட்டதற்காக இப்படிப் புகார் கொடுத்த ஒரு தந்தையை எனக்குத் தெரியும். ஆசிரியர் கடைசியில் விடுதலையானார். அதற்குள் அந்தப் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கூண்டில் நின்று, தான் சொல்லாத ஒன்றைத் தன் பெயரில் எழுதியது யார் என்ற கேள்விக்கு, எதிரே உட்கார்ந்திருந்த தன் தந்தையைப் பார்க்காமலே பதில் சொன்னாள். அவள் அதற்குப் பிறகு விளையாடவில்லை. புகார் எழுதிக் கொடுத்த குமாஸ்தா விசாரணை நாள் எதிலும் அந்தப் பக்கம் வரவில்லை.

இதே ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரலாம். மாணவர்களோடு மோதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் தோற்கிறான். யாரோ கைபேசியில் எடுத்த காட்சி சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் "பொம்பளப் பிள்ளட்ட தோத்தவன்" என்ற வரியோடு சுற்றுகிறது. பையனும் பெண்ணும் வெவ்வேறு தெருவைச் சேர்ந்தவர்கள் என்றால் அது எங்கே போய் முடியும் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்வது வரை 2024 ஜூனில் பரிந்துரைத்தது. இந்தப் பின்னணியில் உங்கள் தலைமை ஆசிரியர் பயிற்சியை நிறுத்தியதை வெறும் பெண் வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. அவர் பயந்திருக்கிறார். பயந்தவரிடம் நோட்டீஸ் அனுப்பினால் அவர் கதவை முழுதாகச் சாத்திக்கொள்வார். விவகாரம் நிர்வாகக் குழுவுக்கும், அங்கிருந்து அவர்களுடைய வழக்கறிஞருக்கும் போய்விடும். அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் நேராகப் பேச மாட்டார்கள்.

ஆகவே என் ஆலோசனை சமாதானமாகப் போங்கள் என்பதே. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நல்ல பெயர் உள்ள ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். ஆண்கள் பிரிவுக் கோரிக்கையைக் கைவிடுவதாகவும், ஆசிரியரின் கேலியைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை என்றும் நீங்களே முதலில் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, எடையும் அனுபவமும் ஒத்த ஓரிரு மாணவர்களோடு, அவர்களுடைய பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும், ஓர் ஆசிரியை உடனிருக்க, கைபேசி இல்லாமல் பயிற்சியைத் தொடர அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால், பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மாற்று ஏற்பாடு கேட்டு ஒரு பக்கத்தில் மனு கொடுங்கள். சத்தம் போட்ட அந்தத் தந்தையிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது, மாநிலப் போட்டிக்கான நுழைவுப் படிவம். மோதாமலே பெற்ற முதலிடத்தைப் பற்றி நீங்கள் இவ்வளவு வருந்துகிறீர்கள். எதிராளிகள் அங்கே காத்திருக்கிறார்கள். படிவத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டாரா, பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா, எடைப்பிரிவு 53 என்று இருக்கிறதா என்பதை நாளைக்கே நேரில் பார்த்து நகல் வாங்குங்கள். கையெழுத்திட மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அன்றே என்னை அழையுங்கள். அது போட்டி மறுக்கப்பட்ட வழக்கு, அதற்கு அவசர மனு போடலாம்.